கடல் தாண்டிய கண்கள்

செங்கழிப்பட்டினத்தில் கண் தெரியாதவர்களே மற்ற எல்லோரையும்விடத் தூரம் பார்த்த காலம் ஒன்று இருந்தது. கும்பினிக்காரர்கள் கரையில் கொடிமரம் நட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. மொரீசுத் தீவில் கரும்பு வெட்ட ஆள் ஏற்றிப்போகும் கப்பல்கள் தை பிறந்ததும் வந்து நிற்கத் தொடங்கியிருந்தன. துறைமுகத்துச் சந்தில் தியோகு வைத்தியர் கண்சாலை திறந்து மூன்றாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது.

தியோகு வைத்தியர் எங்கள் ஊர் வேதக்கோயில் தெருக்காரர்தான். சின்ன வயதில் தரங்கம்பாடிக்குப் போய், அங்கிருந்த டேனிஷ்கார வைத்தியர் ஒருவரிடம் கண்ணில் விழும் புரையை ஊசியால் கீழே தள்ளிவிடும் வித்தையைக் கற்றுக்கொண்டு வந்தார். ஊசியோடு கூடவே இன்னொரு பழக்கமும் அவரோடு வந்தது. கண்டதை மட்டும்தான் எழுதுவார், காணாததை எழுத மாட்டார். யாராவது "அப்படித்தான் சொல்லிக்கிறாங்க" என்று பேச்சை ஆரம்பித்தால், "யாரு பாத்தா? நீ பாத்தியா?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவார். ஒவ்வொரு நோயாளியின் கண்ணும் சிகிச்சைக்கு முன்னால் எப்படி இருந்தது, பின்னால் எப்படி ஆனது என்று பேரேட்டில் எழுதி வைத்தார். எழுத எழுத, எழுத்து போதவில்லை என்று அவருக்கே தெரிந்தது. புரையின் வெள்ளையும் பாலின் வெள்ளையும் ஒன்றில்லை, அதை எழுத்தில் எப்படிப் பிரித்துக் காட்டுவது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்த நாளில்தான் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து சித்திரக்காரர் சிங்கராஜு வர்ண மூட்டையோடு வந்து சேர்ந்தார்.

சிங்கராஜு ராஜாக்களையும் ஜமீன்தார்களையும் உருவப்படம் எழுதிப் பிழைத்தவர். கடைசியாக எழுதிய ஜமீன்தாருக்கு மாறுகண். அதை அப்படியே எழுதியதற்காக ஆள்விட்டுத் துரத்தியிருந்தார்கள்.

"எந்தக் கண்ணு மாறுகண்ணு?" என்று வைத்தியர் கேட்டார்.

"இடதுங்க."

"எவ்வளவு மாறி இருந்துது?"

"மூக்குப் பக்கமா ஒரு நெல்லு அகலம். காலையில கொஞ்சம் கம்மி."

"நாளைக்கே வேலைக்கு வந்துடுங்க ராஜு ஐயா" என்றார் வைத்தியர்.

அன்றிலிருந்து ஒரு நோயாளிக்கு ஒரு சீமைத்தாள், தாளில் இரண்டு கண்கள், உள்ளதைப்போல இரண்டு மடங்கு பெரிதாக. ஜரிகையும் கல்லும் ஒட்டிப் பழகிய அந்தக் கை இமைமயிரை ஒவ்வொன்றாக எண்ணி எழுதியது. புரையில் தயிராடை நிறம் உண்டு, சிப்பியின் உள்பக்க நிறம் உண்டு, மழைக்கு முந்திய வானத்தின் நிறம் உண்டு என்று சிங்கராஜு கண்டுபிடித்தார். ஒரு ஜோடிக் கண்ணுக்கு மூன்று நாள் எடுத்துக்கொண்டார். எழுதும்போது அவர் மூச்சு விடுகிறாரா என்று எதிரே உட்கார்ந்திருந்த குருடர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள்.

முதலில் பார்த்தது மீன்காரி சின்னக்கிளி. அவளுடைய கண்களை எழுதித் தாளைச் சுவரில் காயப் போட்டிருந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் திடீரென்று, "வைத்தியரே, ஒங்க தலைக்கு மேல விட்டத்துல ஒரு பல்லி இருக்கு, வாலு இல்ல" என்றாள். வைத்தியர் அண்ணாந்து பார்த்தார். பல்லி இருந்தது, வால் இல்லை. சின்னக்கிளிக்கு நாலு வருஷமாக விளக்கு வெளிச்சம்கூடத் தெரியாது.

வைத்தியர் கூச்சல் போடவில்லை, சிலுவைக்குறியும் போட்டுக்கொள்ளவில்லை. தாளைக் கழற்றி ஜன்னல் பக்கம் திருப்பினார். "இப்ப என்ன தெரியுது?" "ஆடு, முருங்கைமரம், உங்க வேட்டி காயுது." கவிழ்த்துப் போட்டார். "இருட்டு." தாளை அடுத்த தெருவுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டு அவளைத் தன் எதிரிலேயே உட்கார வைத்துக் கேட்டார். அவள் அடுத்த தெருவைச் சொன்னாள். இப்படிப் பத்தொன்பது சோதனை செய்து பேரேட்டில் எழுதினார். புரையால் அடைபட்ட பார்வை, இம்மியும் பிசகாமல் எழுதிய கண் கிடைத்தால் அங்கே போய்க் குடியிருக்கிறது. ஊசியால் புரையைத் தள்ளிவிட்டால் சொந்தக் கண்ணுக்கே திரும்பிவிடுகிறது. பிறகு தாள் வெறும் தாள். இதைச் சென்னப்பட்டணத்தில் இருந்த கல்விமான்கள் சபைக்கு எழுதி அனுப்பினார். நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. அவருடைய கையெழுத்து மிக நேர்த்தியாக இருப்பதாகவும், வெயிலில் தொப்பி இல்லாமல் அலைய வேண்டாம் என்றும் எழுதியிருந்தார்கள்.

எங்களுக்கு அதிசயமாக இருந்தது ஒரு வாரமோ பத்து நாளோ. அப்புறம் பழகிவிட்டது. ஊசிக்கு முறை வரும்வரை குருடர்கள் தாளைப் பனையோலை விசிறியில் ஒட்டி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு கடைத்தெருவில் நடந்தார்கள். தாளை நனைத்தால் உலகம் நீந்துகிறது என்று தெரிந்ததும் மழைக்காலத்தில் மெழுகுத்துணி சுற்றிக்கொண்டார்கள். பெண்கள் குளிக்கும் துறைக்கு எதிரே தன் தாளைப் புன்னைமரத்தில் ஆணியடித்து வைத்த ஒருவனைப் பஞ்சாயத்தில் நிறுத்தி, தாளை ஒரு மாதம் கோயில் மதில்சுவரைப் பார்க்க ஒட்டிவைத்தார்கள். அவன் ஒரு மாதமும் காரையையும் எறும்பையும் பார்த்துக்கொண்டு கிடந்தான். கப்பல் ஓட்டிக் கண் போன சேகாதி மாலுமியார் தம் தாளைப் பினாங்குக் கப்பலின் பாய்மரத்தில் கட்டி அனுப்பிவிட்டு, வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, "வலத்தே திருப்பு, வலத்தே! பாறை தெரியலையா ஒனக்கு?" என்று நாள் முழுக்கக் கத்தினார். கப்பலில் இருந்தவர்களுக்கு அது கேட்காது என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் கப்பல் பத்திரமாகத் திரும்பியபோது மாலுமியாருக்குத்தான் மாலை போட்டார்கள்.

கப்பல்பாய் தைக்கும் தாண்டவன் கண்சாலைக்கு வந்தது இந்தச் சமயத்தில்தான். ஐம்பத்தைந்து வயது, பெண்டாட்டி இல்லை, ஒரே மகள் செங்கமலம். தனக்குப் பிடிக்காதவனை அவள் கட்டிக்கொண்டாள் என்று தாண்டவன் கடற்கரையில் இத்தனை பேர் முன்னால், "இனிமே என் கண்ணு முன்னால வராத" என்று சொல்லியிருந்தான். அவள் வரவில்லை. புருஷனோடு மொரீசுக் கப்பலில் ஏறிப் போய்விட்டாள். அதற்கடுத்த வருஷமே தாண்டவனுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. அவன் கண்ணுக்கு முன்னால் அதன்பிறகு யாருமே வரவில்லை.

சிங்கராஜு அவன் கண்களை எழுதி முடித்தார். நாளை ஊசி என்று வைத்தியர் சொன்னார். தாண்டவன் எழுந்திருக்கவில்லை.

"வைத்தியரே, ஊசி இப்ப வேணாம். இந்தத் தாளை நம்ம காசிம் கையில குடுத்து மொரீசுக்கு அனுப்புறேன். அவ மொகத்தை ஒரு தரம் பாத்துக்கிறேன். பாத்ததும் நானே வந்து ஒக்காந்துக்கிறேன்."

"ஒரு தரம்தானே அண்ணே?"

"ஒரே தரம்."

காசிம் எங்கள் ஊர்க் கப்பல்காரன். தாளைச் சுருட்டி மூங்கில் குழாயில் போட்டு எடுத்துப் போனான். நாற்பத்தொரு நாள் தாண்டவன் இருட்டில் இருந்தான். நாற்பத்திரண்டாம் நாள் கண்சாலை வாசற்படியில் உட்கார்ந்திருந்தவன், "ஐயோ" என்றான். நாங்கள் ஓடிப்போய்ச் சூழ்ந்துகொண்டோம். "எளைச்சுப் போயிருக்கா. நெத்தியில வெயில் பட்டுக் கறுத்துப்போச்சு. என்னைப் பாக்குறா. என்னையேதான் பாக்குறா." பிறகு, "பெட்டியில வைக்கிறா" என்றான். அதோடு இருட்டிவிட்டது.

பின்னால்தான் விவரம் தெரிந்தது. கப்பல்காரர்களைக் கரும்புத் தோட்டத்துக்குள் விட மாட்டார்கள். காசிம் குழாயைத் துறைமுகத்திலேயே கங்காணியிடம் கொடுத்து, "இந்தத் தாளுக்குக் கண்ணு தெரியும், அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிக் குடுங்க" என்றிருக்கிறான். கங்காணி சிரித்துவிட்டுத் தாளை மட்டும் கொடுத்திருக்கிறான். அப்பனின் கண்கள் இரண்டு மாத்திரம், ஒரு வார்த்தை இல்லாமல், கடல் தாண்டி வந்து சேர்ந்திருக்கின்றன. அவள் என்ன நினைத்தாளோ, துணிப்பெட்டியில் மேலாக வைத்து மூடிவிட்டாள்.

வைத்தியர் ஊசியைச் சுடவைத்துக்கொண்டு வந்தார். தாண்டவன் மாட்டேன் என்றான். "இன்னொரு தரம் பெட்டியைத் தெறப்பா" என்றான்.

திறந்தாள். மூன்று மாதத்துக்கு ஒரு தரம், ஆறு மாதத்துக்கு ஒரு தரம். பொங்கலுக்கோ வேறெதற்கோ நல்ல சேலை எடுக்க மூடியைத் தூக்குவாள், வெளிச்சம் ஓர் எட்டு எண்ணும் நேரம் உள்ளே வரும், தாண்டவன் கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டுப் பார்ப்பான். ஒரு தரம் முகவாய்க்கட்டை. ஒரு தரம் வளையல் இல்லாத கை. ஒரு தரம் ஈரக்கூந்தலும் பின்னால் கூரையின் ஓட்டையும். இரண்டாவது வருஷம் பங்குனியில் பெட்டிக்குள் ஒரு சின்னக் கை நுழைந்து துழாவியது. ஐந்து விரலிலும் கரும்புச்சாற்றுப் பிசுக்கு. அன்று தாண்டவன் ஊரெல்லாம் வெல்லம் கொடுத்தான். காலையில் ஒருவரை ஒருவர் பார்த்தால் சாப்பிட்டாச்சா என்று கேட்பதை விட்டுவிட்டு, "பெட்டி தெறந்துச்சா?" என்று கேட்க ஆரம்பித்திருந்தோம். வைத்தியர் ஒவ்வொரு தடவையும் கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்துக்கொண்டார். இங்கே வெயில் ஏறி ஒன்றரை மணி கழித்துத்தான் அங்கே வெயில் ஏறுகிறது என்று கண்டுபிடித்து, நிலஉருண்டையில் மொரீசு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று கணக்குப் போட்டு, அது சரியாக வந்தபோது சின்னப்பிள்ளை மாதிரி கை தட்டினார். அதே நாள் சாயங்காலம் தாண்டவனின் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு முகம் வாடினார்.

"புரை கல்லா எறுகுது அண்ணே. இன்னொரு ஐப்பசி தாண்டினா ஊசி ஏறாது."

"ஏறாட்டிப் போவுது."

"சரி. ஒரு கடுதாசியாவது எழுதிப் போடுவோம். தாளு பாக்குதுன்னு அந்தப் பொண்ணுக்குத் தெரிய வேணாமா?"

வைத்தியர் எழுத, தாண்டவன் சொன்னான். "இந்தத் தாளு பாக்கும். மூடி வைக்காத. வெளிச்சத்துல வை."

"அப்புறம்?"

தாண்டவனுக்கு ஏதோ ஒரு சொல் மேலே வரப்பார்த்து வராமல் உள்ளே போயிற்று.

"வெளிச்சத்துல வைன்னு எழுதுங்க."

"அதான் எழுதியாச்சே."

"இன்னொரு தரம் எழுதுங்க."

வைத்தியர் இன்னொரு தரம் எழுதினார். பிறகு, தாண்டவனுக்குச் சொல்லாமல், அடியில் தாமாக இரண்டு வரி சேர்த்தார். இந்தத் தாளில் பார்வை இருக்கும்வரை உன் அப்பா சிகிச்சைக்கு ஒத்துக்கொள்ள மாட்டார். நாள் கடந்தால் கண் நிரந்தரமாகப் போய்விடும். காசிம் கடிதத்தைக் கொண்டுபோனான்.

அது ஒரு புரட்டாசி மாதம். வாசற்படியில் தாண்டவன் நிமிர்ந்து உட்கார்ந்த விதத்திலேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் வலையோடு வந்தார்கள், சின்னக்கிளி மீன்கூடையோடு வந்தாள். "தூக்கிட்டா" என்றான் தாண்டவன். "தூக்கி மொகத்துக்கு நேரா வச்சிருக்கா. பேசுறா. என்னமோ பேசுறா, பேசுறா, நிறுத்தவே மாட்டேங்குறா." அழுகிறாளா என்று யாரோ கேட்டார்கள். "ஏசுறா" என்றான், சிரித்துக்கொண்டே. அதன்பிறகு அவள் தாளைத் தோளில் சாய்த்துக்கொண்டு வீட்டைக் காட்டினாள். அடுப்பு, உலக்கை, பாயில் படுத்திருந்த புருஷன், அவன் காலில் கத்தி பட்ட காயம். குழந்தையைக் காட்டினாள், திருப்பித் திருப்பிக் காட்டினாள், வாயைத் திறந்து பல்லைக் காட்டினாள், நாலு பல். கரும்புக்காட்டைக் காட்டினாள். இத்தனை நாள் அவன் பார்க்க ஏங்கியதையெல்லாம் ஒரு பகல் முழுக்கக் காட்டினாள். அவன் சொல்லச் சொல்ல நாங்கள் பார்த்தோம். பொழுது சாயும் நேரத்தில் ஆற்றுமுகத்துக்கு இறங்கினாள்.

"எதுக்கு இங்க கூட்டியாறா" என்றான் தாண்டவன். பிறகு, "ஏ செங்கமலம், வேணாம்" என்றான்.

அவள் தாளைத் தண்ணீரில் விட்டிருந்தாள். வானம் தெரிகிறது என்றான், குனிகிறாள் என்றான், அவள் சேலையின் சிவப்பு போய்விட்டது, எல்லாம் மஞ்சளாக இருக்கிறது என்றான்.

"அரக்குச் சிவப்பு முதல்ல கரையும்" என்று சிங்கராஜு மெதுவாகச் சொன்னார், யாரிடம் என்றில்லாமல். "அப்புறம் மஞ்சள். கறுப்பு கடைசி."

"வாயை அசைக்குறா. ஒரே ஒரு சொல்லு." தாண்டவன் இரண்டு கையையும் முன்னால் நீட்டினான். "போயிருச்சு" என்றான்.

வைத்தியர் தாம் எழுதிய இரண்டு வரியை அப்போதே ஒப்புக்கொண்டார். தாண்டவன் அவரை அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. ஒன்பது நாள் யாரோடும் பேசவில்லை. ஊர்தான் பேசிக்கொண்டே இருந்தது. அந்த ஒற்றைச் சொல் என்ன? 'வா' என்றாளா, 'போ' என்றாளா? எதிரெதிரே உட்கார்ந்து ஒருவருக்கொருவர் 'வா' சொல்லிப் பார்த்தோம், 'போ' சொல்லிப் பார்த்தோம். ஒன்றில் கீழுதடு பல்லைத் தொட்டு விரிகிறது, மற்றதில் இரண்டு உதடும் சேர்ந்து குவிகிறது. தெரிந்துகொள்ள வேண்டியவனுக்கோ எங்கள் உதட்டைப் பார்க்கக் கண் இல்லை.

பத்தாம் நாள் அவன் சுவரைத் தடவிக்கொண்டு கண்சாலைக்கு வந்தான்.

"அந்த வாயி அப்படியே மனசுல நிக்குது வைத்தியரே. எதோட ஒத்துப்பாக்குறதுன்னுதான் தெரியல. ஊசியை எடுங்க."

இடது கண் இறுகிவிட்டிருந்தது, அதில் ஊசி ஏறவில்லை. வலது கண்ணில் ஏறியது. எட்டு நாள் கட்டுப் போட்டிருந்தார்கள். அந்த எட்டு நாளும் சிங்கராஜு ராப்பகலாக வாய்களை எழுதினார். ஊர்ப் பெண்கள் பதினாலு பேர் வந்து உட்கார்ந்தார்கள், ஏழு பேர் 'வா' சொன்னார்கள், ஏழு பேர் 'போ' சொன்னார்கள். சொல்லச் சொல்ல, அதே சொல்லை நூறு தரம் சொல்லச் சொல்ல, அவர் உதட்டின் மடிப்பை, பல் தெரியும் அளவை, கன்னம் இழுபடும் இடத்தை எழுதினார். எந்தத் தாள் எந்தச் சொல் என்பது சிங்கராஜுவுக்கு மட்டும்தான் தெரிய வேண்டும் என்று வைத்தியர் ஏற்பாடு செய்தார். தெரிந்தால் தம் முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்றார். கட்டு அவிழ்க்கும்போது சிங்கராஜுவையும் தெருமுனைக்கு அனுப்பிவிட்டார்.

தாண்டவன் தன் கையைக்கூடப் பார்க்கவில்லை. பதினாலு தாளையும் தரையில் பரப்பச் சொல்லி, ஒற்றைக் கண்ணால், மண்டியிட்டு, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனான். சிலதைத் தள்ளினான், சிலதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். கடைசியில் அவன் பக்கத்தில் ஏழு தாள் இருந்தன. சிங்கராஜுவைக் கூப்பிட்டார்கள். அவர் பார்த்தார்.

"ஆறு 'வா'. ஒண்ணு 'போ'."

வைத்தியர் உதட்டைக் கடித்துக்கொண்டார். பொய் சொல்ல அவருக்கு வராது. "ஒண்ணு மாறுது அண்ணே. நிச்சயம்னு என்னால எழுத முடியாது."

"நீங்க எழுத வேணாம்" என்றான் தாண்டவன். "எனக்குப் போதும்."

குருடனைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். ஆனால் ஒரு கண் தெரிந்தாலும் பாய் தைக்கிறவன் எல்லாக் கப்பலுக்கும் வேண்டும். தை மாதம் காசிமின் கப்பலிலேயே அவன் ஏறினான். குழந்தைக்கென்று சின்னக்கிளி கட்டிக்கொடுத்த கருவாட்டு மூட்டை தோளில் இருந்தது. எங்களுக்குக் கையசைக்க மறந்து, அவன் முன்பக்கமே பார்த்துக்கொண்டு போனான்.

அதற்குள் வைத்தியர் ஊரில் இருந்த புரையையெல்லாம் தள்ளி முடித்திருந்தார். மாலுமியாருக்குக்கூடப் பார்வை திரும்பியிருந்தது, கூடத்தில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். தூரத்தைப் பார்க்க எங்களிடம் ஒரு ஜோடிக் கண்ணும் மிச்சமில்லை. மூன்று வருஷமாக, எட்டு எண்ணும் நேரமாவது, கடலுக்கு அந்தப் பக்கம் நடப்பதைத் தெரிந்துகொண்டிருந்தவர்கள் நாங்கள். இப்போது எல்லா ஊர்க்காரர்களையும்போல ஒன்றும் தெரியாமல் இருக்க வேண்டியிருந்தது. பாதிச் சோற்றில் கை நின்றுபோகும். அலை ஓய்ந்த நேரத்தில் யாராவது கரைக்கு வந்து சும்மா நின்றுவிட்டுப் போவார்கள். இப்போது போய்ச் சேர்ந்திருப்பானா என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை, கேட்டால் வைத்தியர் "யாரு பாத்தா?" என்பார் என்ற பயம்.

பதினோரு மாதம் கழித்துக் காசிம் திரும்பினான். படகிலிருந்து கால் நனையுமுன்னே அவனைச் சுற்றிக்கொண்டோம்.

"எறங்கினாரு" என்றான் காசிம். "நல்லாத்தான் எறங்கினாரு. கரையில கூட்டம். ஒரு பொண்ணு, இடுப்புல புள்ளையோட, தனியா நின்னுச்சு. இவரு அந்தப் பக்கமாத்தான் நடந்தாரு. அதுக்குள்ள கரும்பு வண்டி நாலு குறுக்கே வந்துருச்சு. வண்டி போனப்புறம் பாத்தா ரெண்டு பேரும் இல்ல."

"அது செங்கமலந்தானா?"

"அவ பெரிய மனுஷி ஆனப்புறம் நான் அவளைக் கிட்டத்துல பாத்ததே இல்லையே. எப்படிச் சொல்லுவேன்?"

முகவாய் எப்படி, நெற்றி கறுத்திருந்ததா, கையில் வளையல் உண்டா என்று ஆளுக்கொன்று கேட்டோம். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. பாய் சுருட்டிக்கொண்டிருந்தானாம். எல்லோரும் வைத்தியரைப் பார்த்தோம், அவர் எங்களுக்குப் பின்னால், கையில் பேரேட்டோடு நின்றிருந்தார்.

சின்னக்கிளி கூடையை மணலில் இறக்கினாள்.

"அவதான்" என்றாள். "வேற எவ புள்ளையத் தூக்கிக்கிட்டு அந்த வெயில்ல கப்பலுக்கு வந்து நிப்பா?"

தியோகு வைத்தியர் யார் பார்த்தது என்று கேட்கவில்லை. பேரேட்டை முழங்கை மேல் வைத்துப் பிரித்தார், அன்றைய தேதியைப் போட்டார், சின்னக்கிளி சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டார்.